இடது ஓரம்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இருநூறடி முன்னால்
மோட்டார் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை.
குனிந்து பார்த்தேன்.
பெல்ட் அறுந்து ரோட்டில் கிடந்தது
பல்லெல்லாம் வெயிலைப் பார்த்தபடி.

மீட்டரில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
விற்கும்போது சொன்னது நாற்பதாயிரம்.
'செயின் இல்லா, ஆயில் இல்லா, பேடிக்கவே வேண்டா சேச்சி.'

ஐஸ் பெட்டியில் கொழிஞ்சாம்பாறை ரத்தம், பதினாறு குப்பி.
ஒருத்தருடைய சர்க்கரை, ஒருத்தியின் மூன்றாம் மாதம்,
பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டிய ஒன்று.
உக்கடம் பஸ்ஸை மறித்து
கண்டக்டர் கையில் கொடுத்தேன்.
'சாய்ச்சுராதீங்கண்ணா, லேபுக்காரங்க ஸ்டாண்டுல நிப்பாங்க.'
பெட்டிக்கு டிக்கெட் கேட்டார்.
அதுவும் சரிதான்.

கோயமுத்தூர் ஷோரூமில் ஏசி, கண்ணாடிக் கதவு, லெமன் டீ.
கோகுல்பிரசாத் என் முகத்துக்கு முன்னால்
நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டான்.
'கேரளா வண்டிங்களா? வாங்குன எடத்துலதாங்க வாரண்டி.'

பாலக்காட்டு ஷோரூமிலும் ஏசி. டீ இல்லை.
வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்டான் சுமேஷ்.
சாவடி, மதுக்கரை, என்றேன்.
'எந்நால் அது தமிழ்நாட்டிலெ பொடியாணு சேச்சி.'

பொடி.
எனக்கு முன்னால் தினமும் போகும்
ஜல்லி லாரி உதிர்ப்பது.
அதற்கு யாரும் இன்னும்
நம்பர் பிளேட் மாட்டவில்லை.

பதினெட்டு நாள் தம்பியின் வண்டியில் போனேன்.
கிளட்ச் பிடித்துப் பிடித்து இடதுகை விரல்கள்
சோறு பிசைந்தாலும் மடங்கின.
இல்லை, சோறு வலதுகை.
அவ்வளவு தூக்கம் போயிருந்தது.

ஒரு ராத்திரி டியூப்லைட்டுக்கு அடியில்
பெல்ட்டை விரித்துவைத்து
ஒவ்வொரு பல்லாய்த் தடவினேன்.
பொடி தின்றிருந்தால் முழுதாய்த் தின்றிருக்கும்.
இது ஓரமாய்த் தின்ற பசி.
இடது ஓரம் மட்டும் நூல்நூலாய்ப் பிரிந்திருக்க
வலது ஓரம்
கவர் பிரித்த அன்று போலவே.

தையல் மெஷினில் இருந்து நூலை இழுத்து
பின்புல்லி முகத்தில் ஒட்டவைத்து
முன்புல்லி வரை பிடித்தேன்.
ஓர் அரிசி நுழையும் இடைவெளி.
அச்சுக்குப் பக்கத்தில் கோடுகள் உண்டு:
இடப்பக்கம் மூன்றில் நிற்கிறது,
வலப்பக்கம் நான்கில்.
சக்கரம் ஒன்பது மாதமாய்
கோணலாகவே என்னைச் சுமந்திருக்கிறது.

நான் பில்லைத் தூக்கிப்போடாதவள்.
முதல் சர்வீஸ், ஆயிரம் கிலோமீட்டர்:
'பின்சக்கரம் கழற்றி மாட்டியது, ரூ. 180.'
ஜிஎஸ்டி தனி.

மூன்றாம் முறை போனபோது
பழைய பெல்ட்டைக் கேட்டான் சுமேஷ்,
கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம்.
தரவில்லை.
பெல்ட் போனால் பேச்சும் போச்சு.
தோளில் போட்டுக்கொண்டே நின்றேன்.
கறுப்பு சுடிதாரில் இனி எந்தச் சோப்புக்கும் போகாத
கறுப்பு.

மானேஜர் லிஜி மேடம் வெளியே வந்தார்.
பில்லைப் பார்த்தார். நூலை வாங்கி
அவரே முட்டிபோட்டுப் பிடித்துப் பார்த்தார்.
அந்த ஒரு நிமிடம் கம்ப்ரஸர் சத்தம் மட்டும்.
எழுந்து, நூலைத் திருப்பிக் கொடுத்து,
'குட்வில்' என்றார்.
தப்பு என்பதற்கு ஷோரூமில் அதுதான் சொல் போலிருக்கிறது.
பாதி விலை. கூலி இல்லை.

கையெழுத்துக்கு ஒரு தாள், மலையாளத்தில்.
பத்தாவது வரை அந்த எழுத்தில்தான்
பரீட்சை எழுதினேன் என்பது
அவர்களுக்குத் தெரியாது.
தமிழ் பேசுகிறவள்தானே என்று விட்டிருப்பார்கள்.
ஐந்தாம் வரி:
'உபயோகிப்பவரின் அஸ்ரத்த காரணமாக.'
ஒரு வரியை மட்டும் வெட்டினேன்.
பேனா அவர்களுடையது.
ஜெசிந்தா என்று முழுதாய் எழுதிக்கொடுத்தேன்.

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது போனது.
போனது போனதுதான்,
அந்த மாதம் சீட்டு கட்டவில்லை.

இப்போது இரண்டு பக்கமும் மூன்று.
அவர்கள் மாட்டியபின் நானும் எண்ணினேன்.
சனிக்கிழமை தோறும் நூல் பிடிக்கிறேன்.

நேற்று செக்போஸ்ட்டில் புது போலீஸ்காரர்
பையைத் திறக்கச் சொன்னார்.
ரெயின்கோட், திருகாணி, சுருட்டிவைத்த பெல்ட்.
'இது எதுக்கு?'
'வாரண்டி' என்றேன்.
சிரிக்கவில்லை, கையை மட்டும் அசைத்தார்.
பெட்டியில் பதினாலு குப்பி.
மணி எட்டேமுக்கால்.